எட்டாம் இடத்துக்கு வந்த மூன்று நிமிடம்

மடியில் ஒரு மட்டைப் பெட்டியை வைத்துக்கொண்டு, இருபத்துச் சொச்சம் சீன ஆசிரியர்களுக்கு முன்னால் நான் உட்கார்ந்திருந்தேன். சப்பாத்து வாங்கியபோது வந்த பெட்டி அது. மூடியில் ஒரு பிளவு வெட்டி, வாக்குப் பெட்டி ஆக்கியிருந்தேன். பிளவின் ஓரங்களுக்கு ஒட்டுநாடாகூடப் போட்டிருந்தேன்.

சனிக்கிழமை காலை. ஒஸ்லோவின் தென்புறத்துப் பாடசாலை ஒன்றின் இரண்டாம் மாடி. வெளியே பனி உருகிச் சேறாகிக் கிடந்தது. வாசலில் கழற்றி வைத்த ஈரச் சப்பாத்துகளின் மணம் வகுப்பறைவரை வந்தது. முன்வரிசையில் ஒரு ஆசிரியை, சத்தம் வராமல் ஒரு சின்னத் தோடம்பழத்தை உரித்துக்கொண்டிருந்தார்.

மேசையில் இருந்த ஒலிபெருக்கியில் ஆறாவது இசைத்துண்டு ஓடியது. அடியில் குளிர்சாதனப் பெட்டி இரைவது போல் ஒரு இரைச்சல். அதன் மேல் யாரோ ஒரு தந்தியை இழுத்து, விட்டு, மறுபடி இழுத்து, மனம் மாறி இன்னொன்றை இழுத்தார்கள். நடுவில் ஒரு கதிரை நகர்ந்தது.

நவீன நொர்வேஜிய இசை என்று முடிவு செய்தேன். நகரசபையில் வேலை பார்த்த காலத்தில் இலவச நுழைவுச்சீட்டு கிடைத்து இப்படியான கச்சேரிகளுக்குப் போயிருக்கிறேன். முடிவில் பக்கத்தில் இருப்பவர் "எப்படி?" என்று கேட்பார். "சுவாரசியம்" என்று சொல்ல வேண்டும். மண்டபம் முழுக்க அந்த ஒரு சொல்லைத்தான் சொல்லிக்கொண்டு மேலங்கி மாட்டும்.

என் கையிலும் ஒரு படிவம் இருந்தது. ஆறாவது துண்டுக்கு நேரே எட்டு என்று எழுதினேன். எட்டில் எட்டாவது. கடைசி. காரணம் எழுத ஒரு வரி விட்டிருந்தது. அதையும் நிரப்பினேன். படிவத்தில் வெற்றிடம் விடுவது என் வழக்கம் அல்ல.

சாவி வைத்திருப்பவர்

இந்தத் தொடரைச் சில வாரங்களாகப் படிப்பவர்களுக்கு என் பெருமைகள் தெரியும். ஏறக்குறைய முப்பது வருடம் நகரசபையில் விண்ணப்பங்களைப் பரிசீலிக்கும் அலுவலராக இருந்தேன். ஓய்வு பெற்ற பிறகு பரிசீலிக்க ஒன்றும் இல்லாமல், சனிக்கிழமைத் தமிழ்ப் பாடசாலையின் சாவிப் பொறுப்பாளர் ஆனேன். கதவு திறப்பது, பூட்டுவது, விளக்கு அணைக்காத ஆசிரியர்களுக்குக் கடிதம் எழுதுவது என் கடமைகள். கடைசிக் கடமையை யாரும் என்னிடம் கேட்கவில்லை.

அதே கட்டடத்தின் இரண்டாம் மாடியில் சீனப் பாடசாலை நடக்கும். அங்கே கற்பிப்பவர் லின். முப்பது வயதைத் தாண்டியவர். கிழமை நாட்களில் ஹவுகெட்டோப் பக்கத்துப் பாடசாலை ஒன்றில் தற்காலிக இசை ஆசிரியை. நாங்கள் இருவரும் நொர்வேஜிய மொழியில்தான் கதைத்துக்கொள்வோம். அவர் உச்சரிப்பு என்னுடையதைவிட மேல்.

ஒரு நாள் லின் என்னிடம் ஒரு தாளுடன் வந்தார். முதுகலைப் பட்டத்துக்கான ஆய்வு. ஒஸ்லோவில் இருக்கும் சீன ஆசிரியர்கள் வெவ்வேறு பண்பாட்டு இசைகளில் எதை விரும்பிக் கேட்கிறார்கள் என்பது தலைப்பு. எட்டு இசைகள், ஒவ்வொன்றும் மூன்று நிமிடம். சீனம், நொர்வே, அரபு, மேற்கு ஆபிரிக்கா என்று ஏழு கிடைத்துவிட்டன. எட்டாவதாகத் தமிழ் இசை வேண்டும்.

"கோடைக்கு முன் பட்டம் முடிந்தால் பாடசாலையில் நிரந்தர வேலை" என்றார். "முடியாவிட்டால் அந்த இடத்துக்குத் தகுதி உள்ள வேறொருவரை எடுப்பார்கள். நான் திரும்பவும் அங்கேயும் இங்கேயும் பதிலாளாக ஓட வேண்டும்."

"பொறுப்பை என்னிடம் விடுங்கள்" என்றேன். இந்த வாக்கியத்தை நான் சொன்ன இடங்களில் எல்லாம் பிறகு என்ன நடந்தது என்று இத்தொடரில் எழுதித்தான் வருகிறேன்.

எனக்குச் சங்கீதம் தெரியாது. நாங்கள் ஊர்காவற்துறைக் கத்தோலிக்கர்கள். மனைவி றெஜினா பூசைப் பாடற்குழுவில் பாடுவாள். நான் பின்வரிசை வாங்கிலில் இருந்து வாயசைப்பேன். ஆனால் எனக்குப் படிவம் தெரியும். ஒஸ்லோவுக்குப் பக்கத்து லோறென்ஸ்கூக்கில் நடந்த ஒரு வயலின் கச்சேரியின் ஒலிப்பதிவு எங்கள் பாடசாலை அலுமாரியில் இருந்தது. வாசித்த பிள்ளையிடம் அனுமதிக் கையொப்பம் வாங்கினேன். பதிவு செய்தவரிடமும் வாங்கினேன். மண்டபக்காரரிடமும் வாங்கினேன். அவர் எதற்கு என்று கேட்டார். பின்னால் பிரச்சினை வராமல் இருக்க என்றேன்.

பிறகு கணினியில் பதிவை மூன்று நிமிடமாக வெட்டினேன். எங்கிருந்து என்று கேட்டது. பூச்சியம் என்று போட்டேன். எதுவரை என்று கேட்டது. மூன்று என்று போட்டேன். சத்தத்தை அணைத்திருந்தேன், ஏனென்றால் பக்கத்து அறையில் றெஜினா கனடாவில் இருக்கும் தங்கையுடன் கதைத்துக்கொண்டிருந்தாள்.

அவள் கதைத்து முடித்து வந்து எட்டிப் பார்த்தாள்.

"இஞ்சாருங்கோ, அனுப்பியாச்சோ?"

"ஓம். ஏழு இணைப்போடை."

"நல்லா வாசிச்சிருக்கிறாளோ பிள்ளை?"

"அதைப் பற்றிப் படிவத்திலை கேள்வி இல்லை" என்றேன்.

அவள் ஒன்றும் சொல்லாமல் போய்விட்டாள். நாற்பது வருடத்தில் அவள் பேச்சைவிட இந்தப் போய்விடுதலுக்குத்தான் நான் அதிகம் பயந்திருக்கிறேன். அன்று பயப்படத் தவறிவிட்டேன்.

எல்லோருக்கும் ஐந்து

சில வாரம் கழித்து லின் மாடிப்படியில் உட்கார்ந்திருந்தார். மடியில் ஒரு கட்டுத் தாள். முகம் சரியில்லை.

"எல்லோரும் நிரப்பித் தந்துவிட்டார்கள்" என்றார்.

"நல்லது தானே."

"பாருங்கள்."

பார்த்தேன். ஒவ்வொரு இசைக்கும் ஒன்று முதல் ஐந்து வரை மதிப்பெண் போடச் சொல்லியிருந்தார். சீன இசைக்கு ஐந்து. நொர்வேக்கு ஐந்து. அரபுக்கு ஐந்து. தமிழுக்கு ஐந்து. அடுத்த தாளிலும் அப்படியே. ஒரே ஒருவர் ஓர் இடத்தில் நாலு போட்டு, அதை அடித்து, ஐந்து போட்டு, பக்கத்தில் மன்னிப்புக் கேட்டிருந்தார்.

"என் ஆய்வு மேற்பார்வையாளர் இதில் ஆராய ஒன்றுமே இல்லை என்கிறார். இரண்டு வாரம் தந்திருக்கிறார்."

"நீங்கள் படிவம் கொடுக்கும்போது எங்கே நின்றீர்கள்?"

"பக்கத்தில். தேநீர் ஊற்றிக்கொண்டு."

"படிவத்தில் நாடுகளின் பெயர் இருந்ததா?"

"இருந்தது. மரியாதைக்கு."

அங்கேதான் என் முப்பது வருடம் விழித்துக்கொண்டது.

பேர்கன் அக்கோடியன்

இந்த நோய் எனக்குப் பழக்கமானது. நொர்வேக்கு வந்த புதிதில் பேர்கனில் ஒரு மருத்துவமனைச் சமையலறையில் பாத்திரம் கழுவினேன். தலைமைச் சமையற்காரி பெரிய உடம்பும் பெரிய மனமும் கொண்டவர். வானொலியில் அக்கோடியன் நடன இசை போடுவார். முதல் நாள் என்னைப் பார்த்து, பிடிக்கிறதா என்று சைகையால் கேட்டார். எனக்குத் தெரிந்த நாலு நொர்வேஜியச் சொற்களில் ஒன்று "மிகவும்". அதைச் சொன்னேன்.

இரண்டு வருடம் அந்த அம்மா எனக்காகவே அக்கோடியன் போட்டார். விடுமுறைக்குப் போனபோது ஒலிநாடாவில் பதிந்து வைத்துவிட்டுப் போனார். நான் ஒஸ்லோவுக்கு மாறி வரும்போது அந்த நாடாக்களைப் பரிசாகத் தந்தார். இன்னும் நிலவறையில் இருக்கின்றன. எறிய மனம் வரவில்லை, கேட்கவும் வரவில்லை.

விருந்தாளியிடம் பிடித்ததா என்று நேரே கேட்டால் இந்தப் பதில்தான் வரும். எங்கள் ஆட்களும் இதில் லேசுப்பட்டவர்கள் அல்லர். எந்தக் கச்சேரி முடிவிலும் நன்றியுரை சொல்பவர் "தேவகானம்" என்பார், கச்சேரி நடந்த நேரம் முழுக்க அவர் வாகனத் தரிப்பிடத்தில் நின்று கதைத்திருந்தாலும்.

சப்பாத்துப் பெட்டி

"மதிப்பெண் கேட்காதீர்கள்" என்றேன். "வரிசைப்படுத்தச் சொல்லுங்கள். ஒன்றிலிருந்து எட்டு. ஓர் எண்ணை ஒரு தடவைதான் போடலாம். அப்போது யாரையாவது கடைசியில் விடத்தான் வேண்டும். நாட்டின் பெயர் வேண்டாம், எண் மட்டும். ஒழுங்கைக் குலுக்கி மாற்றுங்கள். காரணத்துக்கு ஒரு வரி. கையொப்பம் இல்லை. முக்கியமாக, நீங்கள் அந்த அறையில் இருக்கக் கூடாது."

"அப்படியானால் யார் சேகரிப்பது?"

இப்படித்தான் நான் பெட்டியோடு அங்கே போய் உட்கார்ந்தேன்.

போவதற்கு முன் எங்கள் பாடசாலைத் தலைவர் யோகன் மாஸ்டரைக் கண்டேன். அவர் எதிர்பார்ப்போடு இருந்தார்.

"அண்ணை, எங்கடை எத்தினையாவதா வரும்?"

"முதல் மூண்டுக்குள்ளை" என்றேன்.

"பெற்றோர் கூட்டத்திலை சொல்லட்டோ?"

"தாராளமாச் சொல்லுங்கோ."

வகுப்பறையில் ஆசிரியர்கள் படிவத்தை ஐயத்தோடு பார்த்தார்கள். ஒருவர் ஒரே எண்ணை இரண்டு தடவை போடலாமா என்று கேட்டார். முடியாது என்றேன். இன்னொருவர் எல்லாமே முதலாம் இடம் என்றால் என்ன செய்வது என்று கேட்டார். அதற்கும் முடியாது என்றேன். அவர்கள் தயக்கம் போகட்டும் என்று, நானும் ஒரு படிவம் எடுத்து மேல்மூலையில் 'மாதிரி' என்று எழுதி, அவர்களோடு சேர்ந்து கேட்டு நிரப்பினேன். எப்படி மடிப்பது, எப்படிப் போடுவது என்று காட்டினேன். பெட்டிக்குள் முதலில் விழுந்தது என் தாள்தான்.

ஆறாவது துண்டு ஓடியபோது ஆசிரியர்களின் முகங்களைப் பார்த்தேன். அனைவரும் தலை குனிந்து எழுதிக்கொண்டிருந்தார்கள். முதல் முறையாக உண்மை எழுதுகிறார்கள் என்று பட்டது. லின்னின் வேலை காப்பாற்றப்பட்டுவிட்டது என்று நினைத்தேன். என்னைப் பற்றி நான் மிக உயர்வாக நினைத்த கடைசி அரைமணி நேரம் அது.

மேன்முறையீடு

அடுத்த சனிக்கிழமை லின் சிரித்த முகத்துடன் வந்தார். பதில்கள் அருமை என்றார். மேற்கு ஆபிரிக்கா முதலாவது. நொர்வேஜிய வயலின் இரண்டாவது. சீனம் மூன்றாவது. "வீட்டில் நிறையக் கேட்டாயிற்று" என்று ஒருவர் காரணம் எழுதியிருந்தாராம்.

"தமிழ்?"

லின் தன் தாளை இன்னொரு தடவை சரி பார்ப்பது போல் பார்த்தார்.

"எட்டு."

"எட்டாவதா?"

"ஏறக்குறைய எல்லோருக்கும்."

நகரசபைத் தீர்மானம் எதற்கும் மேன்முறையீடு செய்ய மூன்று வாரம் உண்டு என்று அவருக்கு விளக்கினேன். இரண்டாயிரம் ஆண்டுப் பாரம்பரியம் என்றேன். செவிக்குப் பயிற்சி வேண்டும் என்றேன். அவர் தலையாட்டிக் கேட்டுவிட்டு, "காரணங்களை வாசிக்கட்டுமா?" என்றார்.

ஒவ்வொன்றாகச் சீனத்திலிருந்து மொழிபெயர்த்தார். "தொடங்கும் என்று காத்திருந்தேன். முடிந்துவிட்டது." "வாத்தியம் பழுது என்று நினைக்கிறேன். வாசிப்பவர் பாவம்." "கதிரை நன்றாக இருந்தது."

"கதிரையா?" என்றேன்.

"இதுமட்டும் நொர்வேஜிய மொழியில் இருக்கிறது. மாதிரி என்று மேலே எழுதியிருக்கிறது, ஆய்வில் சேராது" என்று ஒரு தாளை நீட்டினார்.

பெரிய எழுத்தில், அழகாக, என் கை. ஆறாம் துண்டு, எட்டாம் இடம். காரணம்: "இதை அனுப்பியவர் அனுப்பும் முன் ஒரு தடவைகூடக் கேட்டுப் பார்க்கவில்லை என்பது தெளிவு."

லின் தன் காதொலிப்பானை எடுத்து என்னிடம் தந்து, ஆறாவதைப் போட்டார். ஒலிபெருக்கியில் இரைச்சலாகக் கேட்டது இப்போது தம்புராப் பெட்டி. தந்தியை இழுத்தது வயலினுக்குச் சுருதி சேர்ப்பது. கதிரை, கதிரை தான். இரண்டாவது நிமிடம் அளவில் தூரத்தில் ஒரு தமிழ்க் குரல், மெதுவாக, ஆனால் சந்தேகத்துக்கு இடமில்லாமல்:

"கொஞ்சம் பொறு பிள்ளை, இன்னும் சனம் வரேல்லை."

அது யோகன் மாஸ்டரின் குரல்.

எங்கள் நிகழ்ச்சிகள் எத்தனை மணிக்குத் தொடங்கும் என்று தெரிந்தவர்கள் எவரும் ஒலிப்பதிவின் முதல் மூன்று நிமிடத்தை வெட்டி அனுப்ப மாட்டார்கள். நாற்பது வருடம் அந்தக் கதிரைகளில் காத்திருந்த நான் அனுப்பினேன்.

"உங்களுக்கு இது இசை இல்லை என்று தெரியவில்லையா? நீங்கள் இசை ஆசிரியை அல்லவா?" என்று லின்னிடம் கேட்டேன். குற்றத்தைப் பகிர்ந்துகொள்ள ஆள் தேடுவதும் எனக்குப் பழக்கம்.

"சந்தேகம் வந்தது" என்றார். "ஆனால் ஏழு இணைப்புகள் இருந்தன. உங்கள் இசையைப் பற்றி நான் எப்படிச் சொல்ல முடியும்?"

ஒரு சொல்

லின் என்னைக் காப்பாற்றப் பார்த்தார். கோப்பு அனுப்பும்போது பழுதாகிவிட்டது என்று மேற்பார்வையாளருக்கு எழுதலாம், யார் மீதும் பிழை இல்லை என்றார். எனக்கு அது பிடித்திருந்தது. அன்று மாலையே கடிதம் எழுதினேன். "ஒலித்துண்டைத் தெரிவு செய்யும் நடைமுறையில் ஒரு விலகல் ஏற்பட்டிருப்பது கவனத்துக்கு வந்துள்ளது" என்று தொடங்கினேன். அந்த வாக்கியத்தில் ஆள் கிடையாது. முப்பது வருடம் அப்படி எழுதியே ஓய்வூதியம் வாங்கியவன் நான்.

மூன்றாம் நாள் மேற்பார்வையாளர் தொலைபேசியில் வந்தார். நொர்வேஜியர், நிதானமான குரல். தனக்கு எதிரே லின் இருப்பதாகச் சொன்னார்.

"உங்கள் கடிதம் நன்றாக எழுதப்பட்டிருக்கிறது. யார் செய்தது என்பது மட்டும் அதில் இல்லை" என்றார்.

"நடைமுறையில் ஒரு..."

"மன்னியுங்கள். எனக்கு இது தெரிய வேண்டும். கோப்புகள் தானாகப் பழுதாகியிருந்தால் மற்ற ஏழையும் என்னால் நம்ப முடியாது. எல்லாவற்றையும் திரும்பச் செய்ய வேண்டும். அதற்கு லின்னிடம் நாள் இல்லை, இந்த வருடம் அவருக்குப் பட்டமும் இல்லை. ஒருவர் தவறான துண்டை அனுப்பியிருந்தால் அதை மட்டும் நீக்கலாம். வரிசை ஏழாகும், ஆய்வு நிற்கும். எது நடந்தது?"

அடுப்பில் கறி கொதித்தது. றெஜினா அகப்பையை வைத்துவிட்டு என்னைப் பார்த்துக்கொண்டு நின்றாள். அவளுக்கு என் நொர்வேஜியத்தைவிட என் முகம் நன்றாக விளங்கும்.

"நான் தவறான துண்டை அனுப்பினேன்" என்றேன்.

"அனுப்பும் முன் கேட்டீர்களா?"

"இல்லை."

"ஏன்?"

"அனுமதிப் படிவங்கள் எல்லாம் சரியாக இருந்தன."

அந்தப் பக்கம் பேனா ஓடும் சத்தம். "இதை அப்படியே எழுதிக்கொள்ளலாமா?" என்றார். எழுதுங்கள் என்றேன்.

எழுதினார்கள். லின்னின் ஆய்வேட்டில் ஆறாவது துண்டு ஏன் நீக்கப்பட்டது என்ற இடத்தில் என் வாக்குமூலம் இருக்கிறது. சீன ஆசிரியர்களின் இசை விருப்பம் பற்றிய அந்த ஆய்வுக்குத் தமிழர் சார்பில் போன பங்களிப்பு அது ஒன்றுதான்.

யோகன் மாஸ்டரிடம் சொன்னபோது அவர் கோபிக்கவில்லை. "அண்டைக்குச் சனம் வர ஒண்டரை மணித்தியாலம் செண்டது அண்ணை. பிள்ளை பாவம், நாலுதரம் சுருதி சேர்த்தவள்" என்றார். பெற்றோர் கூட்டத்தில் முடிவு ஏன் அறிவிக்கப்படவில்லை என்று யாரும் கேட்கவில்லை. கூட்டத்துக்கும் சனம் வரவில்லை.

நாலாவது நிமிடம்

கோடை தொடங்க முன் லின்னுக்குப் பட்டம் கிடைத்தது, பாடசாலையில் நிரந்தர வேலையும் கிடைத்தது. சொல்ல வீட்டுக்கு வந்தார். கையில் ஒரு பை நிறையச் சீனத் தேயிலை. றெஜினா உழுந்து வடை சுட்டாள். லின் மூன்று சாப்பிட்டார். நாலாவதற்குக் கை நீட்டவும் றெஜினா தட்டை அவர் பக்கம் தள்ளிவிட்டாள்.

பிறகு றெஜினா கேட்டாள், தன் நொர்வேஜியத்தில், சுற்றி வளைக்காமல்: "அந்தக் கச்சேரி இருக்கிறது. முழுதும் கேட்போமா? இவரும் இன்னும் கேட்கவில்லை."

முதல் மூன்று நிமிடத்தைத் தாண்டிப் போட்டாள். கொஞ்ச நேரத்தில் பிள்ளை வாசிக்கத் தொடங்கினாள். வெளியே பக்கத்து வீட்டுக்காரர் புல் வெட்டிக்கொண்டிருந்தார். வெட்டிய புல்லின் மணம் யன்னலால் வந்தது. அரைமணி நேரம் போயிருக்கும்.

முடிந்ததும் றெஜினா லின்னைப் பார்த்தாள். "பிடித்ததா?"

லின் வாய் திறந்தார். ஐந்து வரப்போகிறது என்று எனக்குத் தெரிந்தது. ஆனால் அவர் மூடிக்கொண்டு, கொஞ்சம் யோசித்து, "அவ்வளவு இல்லை" என்றார். "நடுவில் ஓர் இடம் நன்றாக இருந்தது. மற்றது எனக்கு நீளம்."

றெஜினா சிரித்துவிட்டாள். "எனக்கும் அப்பிடித்தான் பிள்ளை" என்று தமிழிலேயே சொல்லி, அவர் கையைத் தட்டினாள். லின்னும் சிரித்தார். எங்கள் இசைக்கு ஒருவர் நேரே முகத்துக்குச் சொன்ன உண்மையான மதிப்பெண்ணை அன்றுதான் கேட்டேன். நிம்மதியாக இருந்தது.

பிறகு இருவரும் என் பக்கம் திரும்பினார்கள்.

எனக்குப் பிடித்திருந்தது. எந்த இடம், ஏன் என்று சொல்லத் தெரியவில்லை. நாலாவது நிமிடத்தில் இருந்து கடைசிவரை ஒரு வேலையும் நினைவுக்கு வரவில்லை, அவ்வளவுதான். கண்ணைக்கூடத் திறக்கவில்லை. இதை இந்த இரண்டு பேருக்கும் முன்னால், இத்தனைக்கும் பிறகு, எந்த முகத்தோடு சொல்வது?

"என்னப்பா, கண்ணை மூடிக்கொண்டிருந்தனீங்கள்?" என்றாள் றெஜினா. "நித்திரையோ?"

"ஓம்" என்றேன்.